பழைய ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க்: ஜம்பரா, கேபிள் செலக்டா, தனிக் கேபிளா, யு.எஸ்.பி. அடாப்டரா?

"கல்யாண ஆல்பம் எல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் கிடக்கு. போர்டு போயிட்டு. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்னொரு பெட்டியில மாட்டினா ஒண்ணும் காட்ட மாட்டேங்கு. டிஸ்க் செத்துப் போச்சா?" மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் ஸ்டுடியோ நடத்தியவர்கள், டி.டி.பி. கடைக்காரர்கள், ரப்பர் கணக்கை இன்னும் பழைய புரோகிராமிலேயே வைத்திருப்பவர்கள் எல்லாம் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விதான். டிஸ்க் உண்மையிலேயே செத்திருப்பதும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: ஜம்பர் (டிஸ்கின் பின்பக்கம் இரண்டு பின்களை இணைக்கும் சின்னத் தொப்பி) இருக்கும் இடம், மாட்டியிருக்கும் கேபிளின் வகை.

பழைய ஐ.டி.இ. டிஸ்கை, அதாவது அகலமான 40 பின் ரிப்பன் கேபிளில் மாட்டும் டிஸ்கை, இணைக்க நான்கு வழி உண்டு. ஒன்று மாஸ்டர் (முதல் டிஸ்க்), மற்றது ஸ்லேவ் (இரண்டாவது) என்று ஜம்பர் போட்டு ஒரே கேபிளில் மாட்டலாம். எது மாஸ்டர் என்பதைக் கேபிளே தீர்மானிக்கும்படி இரண்டையும் கேபிள் செலக்டில் விடலாம். டிஸ்குக்கு ஒன்றாகத் தனித்தனிக் கேபிள் கொடுக்கலாம். பெட்டியையே விட்டுவிட்டு யு.எஸ்.பி. அடாப்டரில் மாட்டலாம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஃபைல் மட்டும் வேண்டும் என்றால் அடாப்டர். பெட்டி ஓட வேண்டும் என்றால் ஜம்பர். கேபிள் எந்த வகை என்று தெரியாத பெட்டியில் கேபிள் செலக்டை நம்ப வேண்டாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் நோக்கம். ஃபைல்களை ஒருமுறை எடுத்தால் போதுமா, அந்தப் பெட்டி தினமும் ஓட வேண்டுமா? பாரலல் போர்ட்டில் டாங்கிள் செருகினால்தான் திறக்கிற புரோகிராம், அதோடு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்று இருக்கும் கடையில் ஃபைலை மட்டும் எடுத்து ஒரு பயனும் இல்லை.

அடுத்தது கேபிள். பெட்டியோடு வந்ததா, சர்வீஸ் கடைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதா?

மூன்றாவது, டிஸ்கின் நிலை. பல வருடம் அலமாரியில் கிடந்த டிஸ்கை ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் அதன் ஆயுளில் கை வைப்பதுதான். நான்கு முறை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்க வைக்கும் வழி, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை கூடியதே.

நான்காவது, டிஸ்கில் எதுவும் எழுதப்படாமல் இருக்குமா என்பது. விண்டோஸ் எந்த டிஸ்கைக் கண்டாலும் அதில் எதையாவது எழுதும்.

காசு கடைசிக் கேள்வி. கேபிளும் ஜம்பரும் பழைய பெட்டிகளிலேயே கிடைக்கும். வாங்க வேண்டியது அடாப்டர் மட்டும்தான்.

## முதலில் கேபிளைப் பாருங்கள்

ரிப்பன் கேபிளில் மூன்று வகை பார்க்கலாம். அகலம் குறைந்து, நடுவில் சில இழைகள் மட்டும் முறுக்கித் திருப்பிவிடப்பட்டிருந்தால் அது பிளாப்பி கேபிள், 34 பின். ஹார்ட் டிஸ்குக்கு ஆகாது. மற்ற இரண்டும் ஒரே அகலம், இரண்டுக்கும் 40 பின். ஒன்றில் 40 இழை, மற்றதில் 80.

வித்தியாசம் விரல் நகத்திலேயே தெரியும். 40 இழைக் கேபிளில் ஒவ்வொரு இழையும் தடித்து வரிவரியாகத் தட்டுப்படும், எண்ணவும் முடியும். 80 இழையில் வரிகள் நெருங்கி, வழுவழுப்பாக இருக்கும். கூடுதலாக இருக்கும் 40 இழையும் எர்த். ஒரு சிக்னல் பக்கத்துச் சிக்னலில் கலக்காமல் இருக்க இடையிடையே ஓடுகின்றன. நொடிக்கு 33 மெகாபைட்டுக்கு மேல் போக வேண்டிய 66, 100, 133 வேகங்களுக்கு இந்த 80 இழைக் கேபிள் கட்டாயம்.

80 இழைக் கேபிளின் முனைகளுக்கு நிறக் கணக்கு உண்டு. நீலம் மதர்போர்டுக்கு, கடைசியில் உள்ள கறுப்பு மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு. இது வெறும் அழகுக்குப் போட்ட நிறம் இல்லை. நீல முனையில் 34-ஆம் பின் எர்த்தோடு இணைந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் மதர்போர்டு இது 80 இழைக் கேபிள் என்று தெரிந்துகொள்கிறது. நீலத்தை டிஸ்கில் மாட்டினால் அந்தக் கணக்கு தவறும். 80 இழைக் கேபிள் இல்லை என்று பூட் ஆகும்போதே சில போர்டுகள் எச்சரிக்கை காட்டும். சில ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைத்துவிடும்.

சிவப்புக் கோடு ஒன்றாம் பின். டிஸ்கில் அது அனேகமாகப் பவர் செருகும் பக்கம் வரும். கனெக்டரின் நடுவில் மேடும், 20-ஆம் பின்னுக்கு அடைத்த துளையும் இருந்தால் தலைகீழாகப் போகாது. இரண்டும் இல்லாத பழைய கேபிளில்தான் தவறு நடக்கும். தலைகீழாக மாட்டினால் பெரும்பாலும் எதுவும் எரியாது, பெட்டி திரையே காட்டாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து ரேமைக் கழற்றித் துடைக்கப் போகிறவர்கள் அநேகம்.

நீளம் 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைவிட நீளமாகவும், வட்டமாகச் சுருட்டிய உருவிலும் விற்றார்கள். பார்க்க நன்றாக இருக்கும். டிஸ்க் திடீர் திடீரென்று காணாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கேபிளைத்தான். ஒரே ஒரு டிஸ்க் என்றால் கடைசி முனையில் மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் மீதிக் கேபிள் சும்மா தொங்கி சிக்னலைக் கெடுக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரை ஊர்களில் இருந்த பெட்டி என்றால் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற இடம். குலசேகரம் பக்கத்து மலையடிவாரத்திலும் ஈரம் விடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் பின்களைத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே செருகுங்கள். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். டிஸ்க் மூடியில் உள்ள சிறு காற்றுத் துளைக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது.

## வழி 1: மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர்

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இப்படி ஜம்பர் போட்டுவிட்டால் எது நடுவில், எது கடைசியில் என்பது முக்கியமில்லை. 40 இழையோ 80 இழையோ, கேபிள் எதுவானாலும் டிஸ்க் தன்னை யார் என்று தானே சொல்லும். பூர்வீகம் தெரியாத பெட்டிக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்வது இதனால்தான்.

ஜம்பர் பின்கள் டிஸ்கின் பின்பக்கம், 40 பின் சாக்கெட்டுக்கும் பவர் சாக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும். எந்த இடத்தில் போட வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் படம் இருக்கும். சீகேட் பராகுடா வரிசையில் டேட்டா சாக்கெட்டை ஒட்டிய ஜோடியில், அதாவது 7, 8 பின்களில், ஜம்பர் இருந்தால் மாஸ்டர். அதற்கு அடுத்த ஜோடியில் இருந்தால் கேபிள் செலக்ட். ஜம்பரே இல்லையென்றால் ஸ்லேவ். மேக்ஸ்டாரில் ஜே50 ஜோடியில் இருந்தால் மாஸ்டர், ஜே48-இல் இருந்தால் கேபிள் செலக்ட், எதிலும் இல்லையென்றால் ஸ்லேவ்.

வெஸ்டர்ன் டிஜிட்டல்தான் ஆளைச் சுற்றவிடும். அதில் "மாஸ்டர்" வேறு, "தனி" வேறு. மாஸ்டர் என்றால் கூட ஒரு ஸ்லேவ் இருக்கிறது என்று பொருள். டிஸ்க் தனியாக இருந்தால் ஜம்பரைக் கழற்றிவிட வேண்டும், அல்லது லேபிளில் காட்டியபடி எந்த ஜோடியையும் இணைக்காமல் குறுக்கே போட்டு வைக்க வேண்டும். தனி டிஸ்கை மாஸ்டரில் விட்டால் சில மாடல்கள் இல்லாத ஸ்லேவுக்காகக் காத்திருக்கும். பயாஸும் (ஆன் செய்ததும் பெட்டியில் முதலில் ஓடும் அடிப்படை புரோகிராம்) கூடவே நிற்கும். சீகேட்டில் ஜம்பர் இல்லாவிட்டால் ஸ்லேவ், வெஸ்டர்ன் டிஜிட்டலில் ஜம்பர் இல்லாவிட்டால் தனி. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்தாலே பாதித் தலைவலி தீரும்.

மறைந்திருக்கும் செலவு, டிஸ்கைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்தால்தான் ஜம்பர் கண்ணுக்குத் தெரியும் என்பது. ஸ்க்ரூவைக் கலக்காதீர்கள். ஹார்ட் டிஸ்குக்குப் பெரிய புரி, சி.டி. டிரைவுக்கும் பிளாப்பிக்கும் சின்னப் புரி. மாற்றி முறுக்கினால் புரி போய்விடும். ஜம்பரை இடுக்கியால் நேராக இழுங்கள். தொலைந்துவிட்டால் உதவாத மதர்போர்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், 3.5 அங்குல ஐ.டி.இ. டிஸ்கில் பின்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். லேப்டாப் டிஸ்கில் அது 2 மில்லிமீட்டர், இந்த ஜம்பர் அதில் ஏறாது.

இன்னொன்று: 32 ஜி.பி.யாகக் குறைத்துக் காட்டும் ஜம்பர் பல டிஸ்க்குகளில் உண்டு. பெரிய டிஸ்கைக் கண்டால் உறைந்து நின்ற பழைய பயாஸுக்காக வைத்தது. 80 ஜி.பி. டிஸ்க் 32 என்று காட்டினால் யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள்.

## வழி 2: கேபிள் செலக்ட்

இங்கே இரண்டு டிஸ்கிலும் ஜம்பர் சி.எஸ். (கேபிள் செலக்ட்) இடத்தில் இருக்கும். யார் மாஸ்டர் என்பதைக் கேபிளின் 28-ஆம் பின் தீர்மானிக்கும். 80 இழைக் கேபிளில் சாம்பல் கனெக்டரில் அந்தப் பின் இணைக்கப்படாமல் இருக்கும், அதனால் அங்கே மாட்டிய டிஸ்க் ஸ்லேவ். கறுப்பில் மாட்டியது மாஸ்டர். காம்பேக், டெல் போன்ற கம்பெனிப் பெட்டிகளில் இந்த அமைப்பு சகஜம். அப்படிப்பட்ட பெட்டியில், அதனோடு வந்த கேபிளிலேயே, டிஸ்கை மட்டும் மாற்றுவதென்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

சிக்கல் 40 இழைக் கேபிளில். சாதாரண 40 இழைக் கேபிளில் 28-ஆம் இழை முனைக்கு முனை நேராக ஓடும், சி.எஸ். போட்ட இரண்டு டிஸ்க்கும் தானே மாஸ்டர் என்று நினைத்துக்கொள்ளும். கேபிள் செலக்டுக்கென்றே செய்த 40 இழைக் கேபிளும் உண்டு. அதில் பெரும்பாலும் நடுக் கனெக்டருக்குப் பிறகு அந்த ஒரு இழையை வெட்டியிருப்பார்கள். அப்போது நடு மாஸ்டர், கடைசி ஸ்லேவ்: 80 இழைக்கு நேர் எதிர். வெட்டு சின்ன ஓட்டை மாதிரிதான் இருக்கும், தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு டிஸ்கில் சி.எஸ்., மற்றதில் மாஸ்டர் என்று கலந்தும் போடக்கூடாது. இன்று வேலை செய்தாலும், கேபிளை மாற்றுகிற அன்று நின்றுவிடும்.

## வழி 3: ஆளுக்கொரு கேபிள்

போர்டில் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு ஐ.டி.இ. சாக்கெட் இருந்தால், பழைய டிஸ்கை இரண்டாவதில் தனியாக மாட்டலாம். சி.டி. டிரைவைத் தற்காலிகமாகக் கழற்றினால் அந்தக் கேபிள் காலியாகும். இரண்டு டிஸ்க்கும் மாஸ்டர் (வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றால் தனி), சண்டைக்கே வழியில்லை.

வேகமும் இதில்தான் கூடுதல். ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு டிரைவ்தான் பேச முடியும். ஒரே கேபிளில் உள்ள இரண்டு டிஸ்க்குகளுக்கு இடையே காப்பி செய்தால் மாறி மாறிக் காத்திருக்கும். தனிக் கேபிளில் ஒன்று படிக்கும்போதே மற்றது எழுதும்.

ஆனால் இன்டெல் 915 சிப்செட் காலத்திலிருந்து பல போர்டுகளில் ஒரே ஒரு ஐ.டி.இ. சாக்கெட்தான். அங்கே இந்த வழியை மறந்துவிடலாம். சி.டி. டிரைவோடு வந்த கேபிள் 40 இழையாகவே இருக்கும் என்பதையும் கவனியுங்கள். டிஸ்க் அதில் ஓடும், 33-க்கு மேல் போகாது.

மேலே சொன்ன மூன்று வழிக்கும் பொதுவான ஆபத்துகள் சில. பழைய டிஸ்கில் விண்டோஸ் இருந்தால் பெட்டி அதிலிருந்தே பூட் ஆகலாம். பயாஸில் பூட் வரிசையை முதலிலேயே சரிபாருங்கள். விண்டோஸ் எக்ஸ்.பி. ஏறும்போது டிஸ்கைச் சோதிக்கப் போவதாகச் சொல்லி 10 நொடி எண்ணும். உடனே ஒரு கீயை அழுத்தி நிறுத்துங்கள். பழுதான டிஸ்கில் அது "சரிசெய்ய" ஆரம்பித்தால் இருக்கிற ஃபோல்டர்களும் கலையும். 137 ஜி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் பயாஸும் அதை அறிய வேண்டும், எக்ஸ்.பி.யில் குறைந்தது சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும்.

காப்பி ஆமை வேகத்தில் போனால் டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனல் பி.ஐ.ஓ. (மெதுவான பழைய முறை) என்று காட்டுகிறதா பாருங்கள். படிப்பதில் ஆறு பிழை சேர்ந்தாலே எக்ஸ்.பி. தானாக வேகத்தை இறக்கத் தொடங்கும், மறுபடி ஏற்றாது. கேபிளை மாற்றி, சேனலை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

## வழி 4: யு.எஸ்.பி. அடாப்டர்

ஒரு பக்கம் 40 பின், இன்னொரு பக்கம் லேப்டாப் டிஸ்குக்கான 44 பின், மூன்றாவது பக்கம் சாட்டா (ஐ.டி.இ.க்குப் பிறகு வந்த வகை) என்று மூன்று முகம் உள்ள அடாப்டர் வாங்குங்கள். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும், யு.எஸ்.பி.யில் அது வராது; கூடவே பவர் அடாப்டர் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். வெஸ்டர்ன் டிஜிட்டல் என்றால் ஜம்பர் இல்லாமல். ஸ்லேவில் விட்டுவிட்டு "அடாப்டர் சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய. முதலில் டிஸ்குக்குப் பவர் கொடுத்து, சுழலும் சத்தம் சீரானதும் யு.எஸ்.பி.யைச் செருகுங்கள். பவர் சாக்கெட்டில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. ஓரம் தேய்ந்த கனெக்டரை அமுக்கித் தலைகீழாக ஏற்றினால் 5 வோல்ட் பக்கத்துக்கு 12 போய், டிஸ்கின் போர்டு அங்கேயே முடிந்துவிடும். லேப்டாப் டிஸ்கில் 44 பின்னுக்கு அப்பால் தனியாக நான்கு ஜம்பர் பின் இருக்கும். அடாப்டரைத் தள்ளி அதில் ஏற்றிவிடாதீர்கள்.

யு.எஸ்.பி. 2.0-வில் நடைமுறையில் நொடிக்கு 30 மெகாபைட் அளவு வரும்; நல்ல நிலையில் உள்ள 80 ஜி.பி. டிஸ்கை முழுசாக எடுக்க முக்கால் மணி நேரம். பழைய பெட்டியின் யு.எஸ்.பி. 1.1 போர்ட்டில் அதே வேலை ஒரு நாளை விழுங்கும். ஐப்பசி மாதத்து இடி மழை மாலையில் இதை ஆரம்பிக்க வேண்டாம், யு.பி.எஸ். இருந்தாலும்.

மிகப் பெரிய லாபம், டிஸ்கில் எதுவும் எழுதாமல் படிக்க முடிவது. பென் டிரைவிலிருந்து லினக்ஸில் பூட் செய்து, டிஸ்கைப் படிக்க மட்டும் என்ற முறையில் திறக்கலாம். அங்கங்கே படிக்க முடியாத இடங்கள் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம் கொண்டு முதலில் டிஸ்கின் முழுப் படிவம் (அப்படியே ஒரு நகல்) எடுத்துவிட்டு, ஃபைல்களை அந்தப் படிவத்திலிருந்து தேடுவது நல்லது. விண்டோஸில் மாட்டினால் பழைய யூசரின் ஃபோல்டருக்கு அனுமதி இல்லை என்று வரும். உரிமையை மாற்றினால் டிஸ்கில் எழுதியாக வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று: ஃபைல் வரும், புரோகிராம் வராது. டி.டி.பி. கடை டிஸ்க் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடுக்கு முந்திய ஃபான்டில் அடித்த கல்யாணப் பத்திரிகை, அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் தாறுமாறான ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

## ஒரே பார்வையில்

| | ஜம்பர் | கேபிள் செலக்ட் | தனிக் கேபிள் | யு.எஸ்.பி. அடாப்டர் |
|---|---|---|---|---|
| கேபிள் வகை தெரியாவிட்டால் | பரவாயில்லை | நம்ப முடியாது | பரவாயில்லை | கேபிளே இல்லை |
| வாங்க வேண்டியது | அனேகமாக ஒன்றுமில்லை | 80 இழைக் கேபிள் | இரண்டாவது கேபிள் | அடாப்டர், பவரோடு |
| டிஸ்கில் எழுதப்படும் அபாயம் | உண்டு | உண்டு | உண்டு | லினக்ஸில் தவிர்க்கலாம் |
| அடிக்கடி நடக்கும் தவறு | தனி டிஸ்கை மாஸ்டரில் விடுவது | 40 இழையில் போடுவது | பூட் வரிசை மாறுவது | ஸ்லேவ் ஜம்பர், பலவீனமான பவர் |
| பொருத்தமான நிலை | தினம் ஓடும் பெட்டி | கம்பெனிப் பெட்டி, அசல் கேபிள் | இரண்டு சாக்கெட் உள்ள போர்டு, பெரிய காப்பி | ஃபைல் மட்டும் வேண்டும் |

சாட்டா டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு கேபிளுக்கு ஒரு டிஸ்க், மாஸ்டரும் இல்லை ஸ்லேவும் இல்லை. அதிலும் பின்பக்கம் ஜம்பர் பின் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைக்க. வியா வி.டி.8237 சிப் உள்ள பழைய போர்டில் புதிய சாட்டா டிஸ்க் தெரியாமல் போனால் அதைப் போட்டுப் பாருங்கள்.

## எதுவுமே தெரியவில்லை என்றால்

டிஸ்க் சுழல்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். சுழல்கிறது, ஆனால் பயாஸில் இல்லை என்றால் மற்ற டிரைவ்களை எல்லாம் கழற்றிவிட்டு, இதை மட்டும் கேபிளின் கடைசி முனையில், தனி ஜம்பரில், வேறொரு கேபிளில் மாட்டுங்கள். பயாஸில் அந்தச் சேனல் ஆட்டோவில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த பெட்டியில் சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்து பழைய செட்டிங் அழிந்திருக்கும். டிஸ்கின் பெயர் எழுத்துகள் குழம்பி, அர்த்தமில்லாமல் வந்தால் இரண்டு மாஸ்டர் மோதுகின்றன, அல்லது ஒரு பின் வளைந்திருக்கிறது. 40 பின்னையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைந்ததை மைக்ரோ டிப் பென்சிலின் காலி நுனிக்குள் விட்டு மெல்ல நிமிர்த்தலாம். ஒரு தடவைதான் தாங்கும், இரண்டாம் தடவை ஒடியும்.

டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் கேட்டால் முதலில் வேறு பவரில் ஒருமுறை பாருங்கள், 12 வோல்ட் குறைந்தாலும் அப்படிக் கேட்கும். அப்போதும் அதே சத்தம் என்றால் பவரை எடுத்துவிடுங்கள். ஜம்பரை மாற்றி அது நிற்காது. மீண்டும் மீண்டும் ஆன் செய்தால், டேட்டா மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுத்து எடுக்க இருந்த வாய்ப்பும் போய்விடும்.